பக்கத்து சீட்டில் யாரோ

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலையில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டேகால் மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நடந்தது அத்தனையும் உண்மை. என் தங்கச்சி சாட்சி.

அத்தையைப் பார்க்கவேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் சொந்த வண்டி கிடையாது. அதனால் நாமே ஓட்டிக்கொள்கிற மாதிரி ஒரு காரை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். பழைய கார்தான், ஆனால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். போகும்போது அப்பா முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கச்சி பின்னால். காலை வைக்க இடமே இல்லை, யாரோ காலை மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று வழிநெடுக முனகினார். வயதானவர், முனகத்தான் செய்வார் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிதானமாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் திரும்பி வரும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஐந்தே நிமிஷத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ இருபத்தைந்து கிலோமீட்டர்தான். நாமே போய்விடலாம் என்று அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்தேன். தங்கச்சி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முழங்கால் இடிக்காமல் இருக்கட்டும் என்று, காலியாக இருந்த முன்சீட்டை முன்னால் தள்ளினேன்.

டக்.

சீட் தானாகப் பின்னால் வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடியும் டக். லாக் தேய்ந்துபோயிருக்கும் என்று திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வண்டி சீறிக் கிளம்பி... சடாரென்று அடங்கியது. அப்பா வலியில் முனகினார்.

"ஏண்ணா பிரேக் போடற?"

"நான் போடலடி."

வேகத்தை ஏற்றினேன். மறுபடியும் அதேதான். நாற்பதைத் தாண்டினால் போதும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி நின்றது. ஓரங்கட்டி, குனிந்து, பிரேக் பெடலைக் கையால் தூக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி ரோட்டில் இறங்கி நின்று கையைக் காட்டினாள். மூன்று கார்கள் போயின. ஒருவனும் நிறுத்தவில்லை. திரும்பவும் ஏறிக்கொண்டு கிளம்பினோம்.

இந்தத் தடவை கண்ணாலேயே பார்த்துவிட்டேன். என் வலது கால் ஆக்ஸிலேட்டரில். இடது கால் தரையில். பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கியது... மெல்ல... முழுசாக.

இடது கால் நுனியைப் பெடலுக்கு அடியில் சொருகினேன். இறங்கவிடாமல் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

விரல் நசுங்கியது. ஓர் ஆள் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்கிற கனம். கத்திவிட்டேன்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"டேய்... மெதுவா போடா" என்றார் அப்பா.

"அப்பா, பேசாதீங்கப்பா."

"பக்கத்துல இருக்கறவரு... பயப்படறாரு பாரு."

பக்கத்து சீட் காலி.

ஆனால்... சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தயவுசெஞ்சு விட்டுடுங்க" என்று கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

விடவில்லை.

அரை மணியில் போகவேண்டிய தூரம். ஆஸ்பத்திரி வாசலில் மணி பார்த்தேன். மூன்று நாற்பது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்றார் டாக்டர். மீதியைச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்பா பேச்சை எடுத்தால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் பிரேக் தானாகப் பிடிக்கிறது என்று மட்டும் சொன்னேன். கார் சொந்தக்காரர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் முன்சீட்டுக்குக் கீழே கிடந்த மிதியடியைத் தூக்கினார். தரைத் தகட்டில் நான்கு ஓட்டைகளை அடைத்து வெல்டிங் வைத்திருந்தது.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டியா இருந்துச்சு சார். சொல்லிக் குடுக்கற மாஸ்டருக்கு இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இப்ப எடுத்துட்டோம்."

"மாஸ்டர் எங்க?"

கார் சொந்தக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மெக்கானிக்தான் சொன்னார்.

"கத்துக்க வந்தவரு லாரியை ஓவர்டேக் பண்ணப் போனாரு. மாஸ்டர் இந்த பிரேக்கைத்தான் மிதிச்சிருக்காரு. அன்னிக்குன்னு பாத்து அது பிடிக்கல."

எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அன்று எங்கள் எதிரில் எந்த ஆபத்தும் இல்லை. அந்த மனிதர் பயந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு என் அப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மெக்கானிக் என் நம்பரை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் போன் வந்தது.

"பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல சார். என்கிட்ட ஒருதடவைகூடத் தானா பிடிக்கல."

"சரி."

அவர் போனை வைக்கவில்லை.

"சார்... நான் தனியாத்தான் ஓட்டிட்டுப் போனேன்."

"சொல்லுங்க."

"பின்சீட்ல ஒரு பெரியவர் படுத்துக்கிட்டு, ஆஸ்பத்திரி வந்துடுச்சாப்பா, வந்துடுச்சாப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் எறங்கி வெளியதான் நிக்கறேன். உள்ள இன்னும் கேட்டுட்டுதான் இருக்காரு. அவருக்கு நான் என்ன சார் சொல்லட்டும்?"