டாக்டர் ஆடாத ஆட்டம்

வழக்கு வராத வக்கீலைத் தேடிப் பதவிகள் வரும். தென்காசியில் நான் கறுப்புக் கோட்டு மாட்டிய மறு வருஷமே எனக்கு ஒன்று வந்தது. சுற்று வட்டாரத்து ஐந்து டென்னிஸ் கிளப்புகள் சேர்ந்து நடத்திய லீக்குக்குக் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். செயலாளர் என்றால் மற்றவர்கள் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று அர்த்தம். என் சீனியர்தான் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். பையன் சும்மாத்தானே இருக்கிறான் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

தென்காசி கிளப்பில் வக்கீல்களும் தாலுகா அதிகாரிகளும் ஆடினார்கள். செங்கோட்டை அப்போதுதான் திருவாங்கூரிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்த ஊர். அந்தக் கிளப்பில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா உள்ளே விழுந்ததா என்ற சண்டை தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். அம்பாசமுத்திரத்தில் மில் மேனேஜர்களும் என்ஜினியர்களும். குற்றாலத்தில் பங்களா வைத்திருந்தவர்கள். ஐந்தாவது சுரண்டை. சந்தைக்குப் பின்னால் புற்றுமண் கொட்டி அடித்துச் சாணி மெழுகிய ஒரே ஒரு கோர்ட். ஆடுபவர்கள் எல்லாம் கடைக்காரர்கள். அவர்களை லீக்கில் சேர்த்ததற்குக் காரணம் பெருந்தன்மை என்று மற்ற நான்கு கிளப்புக்காரர்களும் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் நான்கு கிளப்புகள் மட்டும் என்றால் அட்டவணை சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

லீக் நடக்கும் விதம் காகிதத்தில் அழகாக இருந்தது. ஒவ்வொரு கிளப்பும் மற்ற நான்கு கிளப்புகளோடும் இரண்டு முறை ஆட வேண்டும், ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில். ஒரு சந்திப்பில் இரண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ். மூன்றில் இரண்டு ஜெயித்தவர்களுக்கு வெற்றி. சொந்த ஊர்க்காரர்கள் மூன்று புதுப் பந்தும் டிபனும் தர வேண்டும். மூன்றாவது கிளப் ஒன்று அம்பயரை அனுப்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் எழுதிய கார்டில் இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டு மூன்று நாளுக்குள் எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

டிபன் மட்டும் தவறாமல் நடந்தது. எந்த ஊரில் கேசரி போட்டார்கள், எந்த ஊரில் வடை ஊசிப்போயிருந்தது என்பதைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் ஆட்டத்தைப் பற்றி வந்ததைவிட அதிகம். புதுப் பந்து என்று போன வருஷத்துப் பந்தைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வருவார்கள். அம்பயர் வர மாட்டார். பஸ் பிடித்து நான் போய் உயரமான நாற்காலியில் ஏறி உட்காருவேன். கார்டும் வராது. நானே கேட்டு எழுதி, நானே தபால்தலை ஒட்டி, நானே எனக்கு அனுப்பிக்கொண்ட கார்டுகள் உண்டு.

இதைவிடப் பெரிய வேடிக்கை, லீக்கை நடத்திய மாதங்கள். டென்னிஸ் ஆடக்கூடாத காலம் ஒன்று இந்தப் பக்கத்தில் உண்டு என்றால் அது சாரல் காலம்தான். ஆனி, ஆடி முழுக்க மலையிலிருந்து பொடித் தூறல் இறங்கிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்புக் கோடு போட்டால் அரைமணியில் கரைந்து ஓடும். ஆனால் லீக் அப்போதுதான் நடந்தது. ஏனென்றால் எங்கள் தலைவர் அப்போதுதான் ஊரில் இருப்பார். அவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்தில் ஒன்பது மாதம் மெட்ராசில் இருந்துவிட்டு, அருவியில் தண்ணீர் விழுந்ததும் குற்றாலத்துப் பங்களாவுக்கு வருவார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், மாலையில் லீக்கை நடத்துவார். குற்றாலம் கிளப்பின் கேப்டனும் அவர்தான். தலைவர் இல்லாமல் லீக் நடத்துவதா என்று கமிட்டியில் கேட்டபோது, நடத்தினால் நன்றாக இருக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் சுரண்டை எல்லோரையும் அடித்துக்கொண்டு வந்தது. அவர்களின் கேப்டன் ஒரு ஜவுளிக்கடைக்காரர். சின்ன வயதில் ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அங்கே துரைகளோடு ஆடுவதற்கு ஆள் குறைந்தபோதெல்லாம் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தொந்தி. ஓடவே மாட்டார். பந்தை அடிக்கவும் மாட்டார், சீவி விடுவார். அது வலைக்கு மேல் ஒரு விரக்கடை உயரத்தில் போய், விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று தலைவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பந்தை அவரால் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை.

கடைசிச் சந்திப்பு குற்றாலத்துக்கும் சுரண்டைக்கும், குற்றாலத்தில். ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. அன்றைக்கும் அம்பயர் வரவில்லை, நாற்காலியில் நான். டபுள்ஸை குற்றாலம் எடுத்தது. முதல் சிங்கிள்ஸில் சுரண்டையின் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜெயித்தார். மிச்சம் இருந்தது ஒரு சிங்கிள்ஸ். பாய் கோர்ட்டுக்குள் வந்து நின்றார். எதிர்ப்பக்கம் ஆறடி உயரத்தில் ஒரு பையன் இறங்கினான். மெட்ராசில் காலேஜ் டீமுக்கு ஆடுகிறவன், தலைவர் பங்களாவில் ஒரு வாரமாகத் தங்கியிருந்தவன். லீக் விதிப்படி மூன்று மாதம் கிளப் உறுப்பினராக இருந்து, சித்திரையில் அனுப்பிய பட்டியலில் பெயர் இருப்பவர்தான் ஆடலாம். அந்த விதியை எழுதியவர் தலைவர்.

நான் நாற்காலியிலிருந்து குனிந்து, கார்டில் யார் பெயரை எழுதுவது என்று அவரிடம் கேட்டேன். அவர் குற்றாலத்திலேயே குடியிருந்த ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார்.

அந்த டாக்டரை எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அறுபத்துமூன்று வயது, தலை முழுக்க வெள்ளை. காலையில் வயதானவர்களோடு அரைமணி நேரம் மெதுவாக ஆடிவிட்டுப் போகிறவர். நான் தலைவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "எழுதுப்பா, லேட் ஆகுது" என்றார். எழுதினேன். அதோடு விட்டேனா? ஒவ்வொரு கேம் முடிந்ததும் டாக்டரின் பெயரை உரக்கச் சொல்லி ஸ்கோர் சொன்னேன். மரப்பெஞ்சில் இருந்த பங்களா விருந்தாளிகள் சிரித்தார்கள். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது, ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் சீனியர் தலைவரின் நில வழக்குகளை நடத்திவந்தார், நான் சீனியரின் மேஜையில் ஒரு ஓரத்தை நம்பியிருந்தேன். அது காரணம்தான், சமாதானம் இல்லை.

முதல் செட்டைப் பையன் ஒரு கேம்கூட விடாமல் எடுத்துவிட்டான். அவன் சர்வீஸை பாய் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவது செட்டில் சாரல் பிடித்தது. ஆட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டேன். ஜெயித்துக்கொண்டிருந்த தலைவர், இந்தத் தூறலுக்கெல்லாம் பயந்தால் ஆட்டம் எதற்கு, நடத்து என்றார். நடத்தினேன். பந்து நனைந்து கனத்தது. பையனின் அடிகள் வலையில் போய் விழ ஆரம்பித்தன. பாய் வழக்கம்போல நின்ற இடத்தில் நின்று சீவினார். ஈர மண்ணில் அந்தப் பந்து எழும்பவே இல்லை. பையன் ஓடினான், வழுக்கினான், வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரை செம்மண். இரண்டாவது செட்டும் மூன்றாவது செட்டும் பாய்க்கு. கைகொடுக்க வந்த பையன் மட்டும் நன்றாக ஆடினீர்கள் என்று சொன்னான். அன்று அந்தப் பக்கம் ஒழுங்காக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

தலைவர் கார்டில் கையெழுத்துப் போட மறுத்தார். மறுநாள் புகார் வந்தது. மழையில் கோர்ட் ஆடத் தகுதியற்றதாக இருந்தது, அம்பயர் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று. அம்பயர் நான்.

கமிட்டி தென்காசியில் கூடியது. கிளப்புக்கு ஒருவராக ஐந்து பேர். புகார் கொடுத்தவரே தலைமை நாற்காலியில் இருந்தார், அதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை. குறிப்பெழுத நான். டாக்டர் பெயரில் ஆடியது யார் என்ற பேச்சே எழவில்லை. சட்டம் படித்தவர், என்ஜினியர், எல்லோரும் மண்ணின் ஈரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசி சிங்கிள்ஸை மறுபடி ஆட வேண்டும் என்று மூன்று ஓட்டு, என் சீனியருடையதும் சேர்த்து. செங்கோட்டையும் சுரண்டையும் எதிர்த்து ஓட்டளித்தன.

ஓட்டு எண்ணி முடிந்த பிறகு பாய் மெதுவாக எழுந்தார்.

"மறுபடி ஆடச் சொல்லுதிய, ஆடுதேன். விதியில, கார்டுல பேரு உள்ளவங்கதான் ஆடணும்னு எழுதியிருக்கு. அதுல டாக்டரய்யா பேருல்லா இருக்கு. அவுகளையே வரச் சொல்லுங்க."

ஆடியது டாக்டர் இல்லை என்று சொன்னால் ஏமாற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிச்சயமாக, டாக்டர்தான் ஆடுவார் என்றார். அப்படியே குறிப்பில் எழுது என்று என்னிடமும் சொன்னார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

சீசன் முடிந்து மெட்ராஸ் புறப்படும்போது தலைவர் எனக்கு ஒரு வேலை வைத்தார். டாக்டரிடம் போய், உடம்பு சரியில்லை, இப்போது ஆட முடியாது என்று ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். அது கிடைத்தால் ஆட்டத்தை அடுத்த சீசனுக்குத் தள்ளிவைக்கலாம். அதற்குள் மெட்ராஸ் பையனை முறையாக உறுப்பினராக்கி, டாக்டருக்குப் பதிலாக இறக்கிவிடலாம்.

போனேன். டாக்டர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துச் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார்டைக் காட்டு என்றார். வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என் பேருதான?"

"ஆமா சார்."

"நான் ஜெயிச்சனா, தோத்தனா?"

"தோத்துட்டீங்க சார். முதல் செட் மட்டும் எடுத்தீங்க."

"சுரண்டை பாய்கிட்ட ஒரு செட் எடுத்தனாக்கும்" என்று அவர் கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நாப்பது வருசமா அடுத்தவங்களுக்குச் சர்டிபிகேட் எழுதுதேன். ஒருநாளும் பொய்யா எழுதுனதில்ல. எனக்கா எழுதுவேன்? உடம்பு நல்லாத்தான் இருக்கு. என்னைக்கு மேட்ச்?"

நான் நாளைச் சொன்னேன். ஸ்கோர் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகப் படியிறங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கமிட்டியிலிருந்து ஒருவரும் வரவில்லை. சுரண்டையிலிருந்து கடைகளை அடைத்துவிட்டு இருபது பேர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். டாக்டர் பழுப்பேறிய வெள்ளைத் தொப்பியோடு, வளையாமல் இருக்க மரச்சட்டத்தில் இறுக்கிய பழைய ராக்கெட்டோடு வந்தார். பாய்க்குத்தான் தர்மசங்கடம். வயதானவரை ஓடவிட மனமில்லாமல் இரண்டு பந்தை வேண்டுமென்றே வலையில் போட்டார். டாக்டர் வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், பாவம் பாத்து ஆடுறதா இருந்தா நான் வீட்டுக்குப் போறேன்."

அதன் பிறகு பாய் உள்ளபடியே ஆடினார். முதல் செட்டில் டாக்டருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இரண்டாவது செட்டில் ஒரே ஒரு கேம். அதை அவர் தன் கையால் எடுத்தார், பாய் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்காலியில் இருந்த எனக்கு அது தெரியும். மூச்சு வாங்க மரப்பெஞ்சில் வந்து உட்கார்ந்து, குற்றாலம் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் டாக்டரே தன் கையெழுத்தைப் போட்டார். கேப்டன் வராததால் என்று பக்கத்தில் எழுதினார். சுரண்டைக்காரர்கள் கொண்டுவந்திருந்த சுக்குக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நான் அந்தக் கார்டை மெட்ராசுக்கு அனுப்பினேன். தலைவர் ஒரு வாரத்தில் பதில் எழுதினார். கேப்டன் அல்லாதவர் கையெழுத்துப் போட்டதால் ஆட்டம் செல்லாது, இந்த வருஷக் கோப்பை யாருக்கும் இல்லை என்று. கோப்பை அவர் பங்களாவில் கண்ணாடி அலமாரியில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. இதைச் சொல்ல நான் சுரண்டைக்குப் போனபோது பாய் துணி அளந்துகொண்டிருந்தார். "இருக்கட்டும் தம்பி, டாக்டரய்யாட்ட ஜெயிச்சாச்சுல்லா" என்றார். துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

அடுத்த சித்திரையில் நான் எந்தக் கிளப்புக்கும் தபால் எழுதவில்லை. பட்டியல் கேட்கவில்லை, அட்டவணை போடவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதும் துணிச்சல்கூட எனக்கு இல்லை, வெறுமனே எழுதாமல் இருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஐந்து கிளப்புகளில் ஒரு ஆள் கேட்கவில்லை. ஆனியில் தலைவர் வந்தார், அருவியில் குளித்தார். ஆடி கடைசியில் கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது, லீக் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நன்றாகப் போகிறது என்றேன். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.