கதவுக்கு வெளியே நின்ற வத்தக்குழம்பு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து என் கணவர் மேடவாக்கம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, என் பொழுது அடுப்படியிலேயே கழிந்தது. லாரித் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைப்பேன். தட்டையும் தம்ளரையும் வெந்நீரில் அலசுவேன். எதையும் அப்போதே சமைத்துச் சூடாகத் தர வேண்டும். வெளியிலிருந்து வந்தது, ஆறியது எதுவும் கூடாது; சின்னத் தொற்றுகூட அவருக்கு ஆபத்து. அவருக்கோ நாக்கில் ருசியே இல்லை. இட்லியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னும் எடை குறைந்தால் மறுபடி அட்மிட் ஆக வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பொத்தேரியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். அந்தச் சிகிச்சைக்காகத் தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுத்தவர் அவர்தான். கையில் தூக்குச்சட்டி நிறைய வத்தக்குழம்பு. படியேறி வந்ததும் தும்மினார்.

நான் கிரில் கதவைத் திறக்கவில்லை.

“அண்ணி, சளி பிடிச்சிருக்கா?”

“ரயில்ல ஜன்னல் காத்து. ஒண்ணுமில்ல, திற.”

“கோச்சுக்காதீங்க அண்ணி. உள்ள விட முடியாது. குழம்பும் வேணாம்.”

“அவன் உடம்புல ஓடுறதே என் ரத்தம். அது உள்ள இருக்கலாம், நான் வரக்கூடாதா?”

எனக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, நாலு படி கீழே இறங்கி உட்கார்ந்தார்.

“சரி, அடுப்பைப் பத்த வை. நான் கூப்பிடுறேன், போனை ஸ்பீக்கர்ல போடு. நான் சொல்றேன்.”

அவர் சொல்லச் சொல்லப் புளி கரைத்தேன், சுண்டைவற்றலை வறுத்தேன்.

“எண்ணெய் மேல வந்துச்சா?”

“இன்னும் இல்லண்ணி.”

“அப்ப ஏன் கரண்டி சத்தம் கேக்குது? கிண்டாம விடு.”

சூடாகச் சோற்றில் பிசைந்து, போனோடு கணவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். மெல்ல மென்றார்.

“உப்பு ஜாஸ்தி.”

மருத்துவமனையிலிருந்து வந்ததிலிருந்து அவர் எதிலும் உப்பைப் பற்றிச் சொன்னதே இல்லை.

“என் அளவுதான்டா அது. குறை சொல்லாம சாப்பிடு,” என்றது போன்.

பாதித் தட்டு காலியானது. அண்ணி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். நான் தட்டை அலசுவதற்கு மறுபடியும் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.