ராசி பார்க்காத ரசிகை: தெய்வானை அக்கா

வியாழக்கிழமை காலை. லேப் கதவுக்கு வெளியே நின்று வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது தெய்வானை அக்காவின் மகன் அரவிந்திடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. ஸ்லீப்லயே. நர்ஸ்தான் வந்து சொன்னாங்க" என்றான். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா ஒரு வாரமாக இருதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். செவ்வாய்க்கிழமை பார்க்கப் போயிருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதிகம் பேச வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அக்கா கேட்கிற ஆளா? "ஞாயித்துக்கெழம என்னாச்சுங்க கண்ணு?" என்றார். அவருடைய கூடைப்பந்து அணி தோற்றுவிட்டது என்றேன். "ஃப்ரீ த்ரோவை உட்டிருப்பாங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இதுதான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஃப்ரீ த்ரோவை, தடுக்க ஆளில்லாமல் கூடைக்கு எறிகிற பந்தை, விட்டுத்தான் தோற்றிருந்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெய்வானை அக்கா தாராபுரத்துக்காரர். இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் நாங்கள் வேலை பார்த்த மருந்து கம்பெனி லேபில் எனக்கு மூத்தவர். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவரைப் போல ஒரு ரசிகையை நான் பார்த்ததில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தவரில்லை. மகன் அரவிந்தும் அங்கே படிக்கவில்லை. அவன் டெக்சஸில் படித்து, ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் வீடு வாங்கி, தன் கல்லூரி ஃபுட்பால் டீமுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவன். அக்கா வாழ்நாளில் பந்தைத் தொட்டதுகூட இல்லை. அப்புறம் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

அக்காவின் கணவர் அமெரிக்கா வந்த சில வருஷங்களிலேயே கார் விபத்தில் இறந்துபோனார். அரவிந்த் அப்போது டேகேர் போகிற குழந்தை. ஊரிலிருந்து துக்கம் கேட்கக் கூப்பிட்டவர்களில் ஒருவர், கணவரின் அண்ணன் மனைவி, "எல்லாம் நீ வந்த ராசி" என்று சொல்லிவிட்டாராம். அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு முறை, மதியச் சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. வேலை, கிரீன் கார்டு, பிள்ளையின் படிப்பு, பனியில் கார் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்த மனுஷி, இந்த ஒரு சொல்லை மட்டும் உதற முடியாமல் இருந்தார். எங்கள் வீடுகளில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் அவர் பொறுப்பு. ஆனால் மங்கல காரியம் நடக்கும் நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார். கூப்பிட்டால், "நான் பின்னாடி இருக்கறனுங்க கண்ணு, நீங்க பாருங்க" என்பார்.

ஒரு வருஷம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவைப் பல்கலைக்கழக வளாகத்து அரங்கு ஒன்றில் வைத்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் அக்காவின் கைவண்ணம். பெரிய அண்டாவைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வளாகத்துக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் காலை வாரிவிட்டது. எதிரே ஒரு பெரிய கட்டடம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் உள்ளே போகிறார்கள். பார்க்கிங்கில் நின்ற பையன் கையைக் காட்டி அழைக்கிறான். நம் சங்கத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்ததாம்.

அன்றைக்குத்தான், அரவிந்த் பிடிவாதம் பிடித்ததால், பல வருஷம் கழித்து அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தார். அணியின் நிறமும் சிவப்பு. வாசலில் நின்ற நான்சி என்கிற அமெரிக்கப் பெண்மணி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் தலை முதல் கால் வரை அணிக்காகவே உடுத்தி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். அவர் கையில் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. "தனியாகவா வந்தீர்கள்? என்னோடு வாருங்கள்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டார். சங்கத்தில் இதென்ன புது ஏற்பாடு என்று அக்கா நினைத்திருக்கிறார். குத்துவிளக்கைத் தேடிய கண்ணுக்குக் கூடைதான் தெரிந்ததாம்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் நான்சி கையை விடவில்லை. அதுவரை தோற்றுக்கொண்டிருந்த அணி, அக்கா உட்கார்ந்த பிறகு மளமளவென்று பாயின்ட் எடுத்து ஜெயித்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அக்காவுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பார்க்கிங்குக்கு வந்து டிக்கியைத் திறந்து, அண்டாவிலிருந்து சர்க்கரைப் பொங்கலை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டார். அங்கே சங்கச் செயலாளர் எனக்குப் போன் மேல் போன். "மேடம், பொங்கல் விழாவுல பொங்கலைத் தவிர எல்லாம் இருக்கு!"

திங்கட்கிழமை லஞ்ச் ரூமில் அக்கா என்னிடம் கேட்டார். "கண்ணு, லக்கி சார்ம்னு என்னயச் சொன்னாங்க. அப்படின்னா என்னங்க?"

"ராசிக்காரங்கன்னு அர்த்தம்க்கா. நீங்க வந்த ராசியில ஜெயிச்சாங்களாம்."

அக்கா எழுந்தார். சாப்பிட்டு முடிக்காத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாரமே அடுத்த ஆட்டத்துக்குப் போனார். அதே புடவையில்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் அது வெறும் தமாஷ். ராசி என்று வந்துவிட்டால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு அல்லவா? பிப்ரவரியில் அணி தோற்க ஆரம்பித்தது. ஒன்று போனால் போகட்டும் என்று பார்த்தால் வரிசையாகத் தோற்றார்கள். அக்கா ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சுற்று இளைத்தார். பிறகு போவதையே நிறுத்திவிட்டார். "அந்தப் புள்ளைங்க பாவம்ங்க. என்னால எதுக்கு?" என்றார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஒரு நாள் மதியம் அவர் போன் அடித்தது. நான்சி. கையெல்லாம் குழம்பாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். உடம்பு சரியில்லையா, ஏன் வரவில்லை என்று நான்சி கேட்டார். அக்கா தன் இங்கிலீஷில் சொன்னார். "நோ நான்சி. ஐ கம், யூ லூஸ். ஐ ஆம் பேட் லக்."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. நீ இந்த நாட்டில் காலெடுத்து வைப்பதற்கு முன்னாலிருந்தே நாங்கள் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம், நேற்றும் தோற்றோம், நீ இல்லாமலே தோற்றோம், பக்கத்தில் உட்கார்ந்து புலம்ப ஆளில்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, சனிக்கிழமை ஒழுங்காக வந்து சேர் என்றார் நான்சி.

போனை வைத்த பிறகு அக்கா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா கண்ணு," என்றார், "ஜெயிக்கறதுக்குக் கூப்புடலீங்க. தோக்கறதுக்குக் கூப்புடறாங்க."

கல்லூரி அணிகளுக்கு மனிதர்கள் ஆயுள் முழுக்க எப்படி ரசிகர்களாகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். படித்த கல்லூரி என்பார்கள். அப்பா தோளில் தூக்கிப் போன பழக்கம் என்பார்கள். கோப்பை ஜெயித்த வருஷம் என்பார்கள். அக்கா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அணி ஜெயித்த நாளில் அவர் விருந்தாளியாக இருந்தார். தோல்விக்குக் கூப்பிட்ட நாளில்தான் ரசிகை ஆனார். அதன் பிறகு ராசியான புடவை, ராசியான சீட் என்றெல்லாம் யாராவது பேசினால் அவருக்குக் கோபம் வரும். கையில் கிடைத்த புடவையைக் கட்டிக்கொண்டு, மேலே சிவப்பு ஸ்வெட்ஷர்ட் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவரோடு ஆட்டம் பார்ப்பது தனி வேடிக்கை. கொங்குநாட்டு மரியாதை ரெஃபரியைத் திட்டும்போதும் குறையாது. "ஏனுங்க, கண்ணு தெரியிலீங்களா? அது ஃபவுலுங்களா?" என்று எழுந்து நின்று கத்துவார். தோற்றால், "போச்சாது உடுங்க" என்பார். போனால் போகிறது, விட்டுத்தள்ளு என்பதற்கு அவர் ஊர்ச் சொல். நான்சி கூட்டம் முழுக்க அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. வழுக்கைத் தலை பெரியவர்கள் தோற்றுவிட்டு வரும்போது ஒருவருக்கொருவர் "போச்சாது" என்று சொல்லிக்கொண்டு படியிறங்குவதை நானே கேட்டிருக்கிறேன். விளையாடும் பெண்கள் நாலு வருஷத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். கடைசி ஆட்டத்தன்று அவர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கும்போது, சொந்த மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி அக்கா தேம்பித் தேம்பி அழுவார். நவம்பரில் புதுப் பெண்கள் வந்ததும் பெயர்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்.

என் மகள் நித்யாவைச் சின்ன வயதிலிருந்தே ஆட்டங்களுக்கு அழைத்துப் போனவர் அக்காதான். எனக்குக் கூடைப்பந்தில் அப்போது பெரிய நாட்டமில்லை. இரண்டு பேரையும் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

இவ்வளவு மாறியவர் நம்மவர்கள் நடுவில் மட்டும் மாறவில்லை. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் எழுந்து நின்று கத்துகிறவர், எங்கள் வீட்டு விசேஷம் என்றால் பழையபடி அடுப்படிக்குள் போய்விடுவார். அந்தப் பழைய சொல் அவரை விட்டுப் போகாமலே போய்விடுமோ என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்தில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் நித்யாவின் வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. சுமங்கலிகள் வரிசையாக வந்து வளையல் போட நின்றார்கள். அக்கா உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தார். முதல் வளையலுக்கு நித்யா கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். "தெய்வானை ஆன்ட்டி ஃபர்ஸ்ட்" என்றாள். கூடத்தில் முணுமுணுப்பு. நான் அடுப்படிக்குப் போய்ச் சொன்னதும் அக்கா பதறிவிட்டார். "ஐயோ வேண்டாங்க கண்ணு, நல்ல காரியம். புள்ளைக்கு ஏதாச்சும்..." என்று பாதியில் நிறுத்தினார்.

அதற்குள் நித்யா மணையை விட்டு எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை. "நீங்க லக்குன்னு நான் கூப்பிடல ஆன்ட்டி. நீங்க என் ஆன்ட்டி. அதான் கூப்பிடறேன்."

அக்கா மாவுக் கையைக் கழுவினார். கழுவிய கையை முந்தானையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்கு நடந்து வந்து, என் மகளின் கையில் முதல் வளையலைப் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று அக்கா பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு இறுதிச் சடங்கு. முந்தின நாளே ஊரிலிருந்து என் மாமியார் போனில் கண்டித்துச் சொல்லிவிட்டார், பிள்ளைத்தாய்ச்சி சாவுக்குப் போகக் கூடாது என்று. நித்யாவுக்கு இது ஒன்பதாம் மாதம். எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. நித்யா ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாள், "அம்மா, நீ டிரைவ் பண்றியா, நான் பண்ணட்டுமா?" நான்தான் ஓட்டினேன்.

ஃப்யூனரல் ஹோமில் நம்மவர்கள் ஒரு பக்கம் வெள்ளையில். மறுபக்கம் நான்சியும் அவர் கூட்டமும் சிவப்பில். அரவிந்த் டெக்சஸ் டீமின் டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிவப்பு டை கட்டியிருந்தான். நித்யா மெதுவாக நடந்து போய், பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவளால் நிமிர முடியவில்லை. ஒரு பக்கம் நான்சியும் மறுபக்கம் நானும் பிடித்து நிமிர்த்தினோம். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தோம். மதியம் ஆட்டம் இருந்தது. போவதா வேண்டாமா என்று யாரும் பேசிக்கொள்ளவே இல்லை. அரவிந்த் காரை எடுத்தான். நானும் நித்யாவும் ஏறிக்கொண்டோம். இந்த முறை நான் கடைக்குப் போகவில்லை.

நன்றாக ஆடிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் தோற்றோம், அக்கா. புதன்கிழமை மறுபடியும் ஆட்டம் இருக்கிறது. போகிறோம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.