காப்பி வேண்டாம் என்று சொல்லச் சொன்னவர்

கருமாதிப் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. மங்கையர்க்கரசி வீட்டிலிருந்து எனக்கு எது வந்தாலும் தட்டச்சில்தான் வரும், பொங்கல் வாழ்த்து உட்பட. இதில் விலாசத்தை யாரோ கையால் எழுதியிருந்தார்கள். பிரித்தால், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று மூன்று வரி போன பிறகு அவர் பெயர். அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லையே, பாவி எமனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

காஞ்சிபுரத்தில் மனுவோ பத்திரமோ தமிழில் அடிக்கக் கொடுத்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தட்டச்சு நிலையம், ஜன்னலோரம் பழைய தமிழ் இயந்திரம், அதன் முன்னால் நெற்றி நிறையத் திருநீறோடு மங்கையம்மா. பிழையோடு கொடுத்தால் பிழையில்லாமல் திரும்ப வரும். கூடவே ஒரு வசவும் வரும்.

நான் தென்னேரிக்காரன், ஏர் பிடித்த குடும்பம். அறுபதுகளின் கடைசியில் இங்கே கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டு நெசவுக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதிக்கொள்ள என் பேராசிரியர் அனுமதி வாங்கித் தந்திருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் ஏறி இறங்கி, கேட்டு எழுதி, கட்டாக மங்கையம்மாவிடம் கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

முதல் தகராறு இரண்டாம் அத்தியாயத்தில். 'எழுத்தறிவற்ற, அறியாமை மிக்க நெசவாளர்கள்' என்று எழுதியிருந்தேன். விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "எழுதப் படிக்கத் தெரியாதுன்னா அத்த மட்டும் போடுங்க சார். அறியாமையை எந்தப் படியில அளந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பேனாவை எடுத்து 'அறியாமை மிக்க' என்பதை அடித்துவிட்டேன்.

நாலாம் அத்தியாயத்தில் இயந்திரமே நின்றுபோனது. அட்டவணையில் வீட்டுக்கு வீடு 'நெசவாளர்: ஒருவர். சார்ந்திருப்போர்: நால்வர்' என்று இருந்தது. மனைவிமார் எல்லாரும் இரண்டாவது கட்டத்தில்.

"இந்தப் பக்கத்த நான் அடிக்கமாட்டேன் சார். எங்க வீடும் இதுல இருக்குது. எங்கம்மா யாரையும் சார்ந்துக்கினு இல்ல."

"உங்கப்பா சொன்னதைத்தானேம்மா எழுதினேன்! நான்தான் நெய்யறேன், அவ சும்மாதான் இருக்கான்னார்."

"அவரு சொல்லுவாரு. நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன். தறியில் அவர் மட்டும்தான் இருந்தார். உங்கள் வேலை அடிப்பது, ஆய்வு செய்வது அல்ல." இதையும் சொன்னேன், கடை முழுக்கக் கேட்கும்படி. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மங்கையம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தாள்களைத் தட்டி அடுக்கினார். "நாளைக்குக் காலையில பிள்ளையார்பாளையம் எங்கம்மா வீட்டுக்கு வாங்க. ஒண்ணே ஒண்ணு, வாசல்லயே காப்பி வேணாம்னு சொல்லிடுங்க."

போனேன், வேண்டாவெறுப்பாக. என் தலை தெரிந்ததுமே தறியோரத்திலிருந்து மங்கையம்மாவின் தாயார் எழப் பார்த்தார். "காப்பி வேண்டாம்மா" என்றேன். தயங்கினார், உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கம் கரை, கணவர் பக்கம் புடவையின் உடல். அது கோர்வைப் புடவை, கரைக்கு வேறு நிறம். கணவர் எறிந்த ஊடிழை நாடாவோடு தன் கரை நாடாவைக் கோத்து அந்த அம்மாள் திருப்பி எறிந்தால்தான் அடுத்த இழை. அவர் கை நின்றால் தறியும் நிற்கும்.

கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கூலிக்கு யாராவது வருவார்கள் என்று நினைத்திருந்தேன். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போவதுதானே இங்கே மரியாதை? நான் நுழைந்த ஒவ்வொரு வீட்டிலும் பாதி நெசவாளரை எழுப்பிவிட்டு, காலி இடத்தைப் பார்த்து 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு வீடு விடாமல் காப்பி குடித்திருக்கிறேன்!

அப்படியே சமர்ப்பித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பட்டமும் கிடைத்திருக்கும். இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு பேராசிரியருக்குக் கெடு தவறும் என்று கடிதம் எழுதினேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று பதில் வந்தது. கல்லூரியில் என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். ஒரு வருஷம் டுடோரியல் ஒன்றில் பாடம் நடத்திப் பிழைத்தேன்.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மங்கையம்மா என்னோடு வீடு வீடாக வந்தார். கேள்வியையே மாற்றியது அவர்தான். "வேலை செய்யறது யாருன்னு கேக்காதீங்க சார், ஆம்பளைங்க பேரைத்தான் சொல்லுவாங்க. இந்தப் புடவைக்கு எத்தனை கை வேணும்னு கேளுங்க." கேட்டால், பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருபா" என்றார்கள். திருத்திய அட்டவணையில் மனைவியரை 'நெசவு உதவியாளர்' என்று நான் எழுத, அதற்கும் முறைத்தார். "யாருக்கு யாரு உதவி? ரெண்டு பேரும் நெசவாளருன்னு போடுங்க." அப்படியே போட்டேன். ஆய்வேடு தேறியது, வேலையும் பிறகு கிடைத்தது.

அந்த ஆய்வேட்டை நேற்றுச் சாயங்காலம் எடுத்துப் புரட்டினேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுதான், ஒவ்வொரு எழுத்தும் அவர் விரல் பட்டது. முன்னுரையின் கடைசியில், எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, பெயர்கூட இல்லாமல் ஒரு வரி கிடக்கிறது: 'தட்டச்சில் உதவியவருக்கும் நன்றி.' நான் எழுதிக் கொடுத்தது. அம்மாவுக்காக இயந்திரத்தையே நிறுத்தியவர், தனக்கென்று வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார். பத்து வருஷமாக என் கண்ணில் படவில்லை.

அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். ஆய்வாளர்: இருவர்.