சந்தி மதிலில் அப்பாவின் முகம்

கறுப்பு மையில் கீறிய ஒரு கொலைச் சித்திரக்கதை எங்கள் பக்கம் புத்தகம் புத்தகமாக வந்துகொண்டிருந்தது. அதில் நல்லவன் என்று ஒருவனும் இல்லை. எல்லாரும் கள்ளர்; ஒருவரை ஒருவர் போட்டுத்தள்ளுவதுதான் கதை. அதை எங்கள் ஊரான கோப்பாயில் திரைப்படமாக எடுத்தார்கள். அத்தனை கள்ளருக்கும் ஆள் வேண்டுமே, பாதி ஊர் நடித்தது. ஓய்வுபெற்ற பஸ் சாரதியான என் அப்பாதான் கடத்தல்காரர் தலைவர். தொடக்கத்திலேயே செத்துப்போவார். முகம் அதற்கென்றே செய்தது போல இருக்கிறதாம். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

இங்கே ஒருவர் செத்தால் புகைப்படத்தோடு கண்ணீர் அஞ்சலி அடித்து மதிலில் ஒட்டியாக வேண்டும். அந்தத் தலைவருக்கும் ஒன்று அடித்தார்கள். முகம் அப்பாவுடையது, பெயர் மட்டும் கதையில் வருவது. சந்தி மதிலில் ஒட்டிக் காட்சியை எடுத்துவிட்டு, கிழிக்காமல் போய்விட்டார்கள். அஞ்சலியில் பெயரை யார் வாசிக்கிறார்கள்? விடிந்ததும் சனம் வரத் தொடங்கிவிட்டது. வாசல் படலையிலிருந்தே குழறி அழுதுகொண்டு வந்த மாமி, அப்பா பாண் சாப்பிடுவதைக் கண்டு வாயை மூடினார். பிறகு தனக்கும் தேத்தண்ணி கேட்டார். அதற்குள் மதிலை யாரோ படம்பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணை அம்மாவின் செத்தவீட்டுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அப்பா அவருடன் கதைப்பதில்லை. பின்னேரம் என் கைபேசியில் அண்ணையின் அழைப்பு வந்தது. அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து வந்தார்.

"ஸ்பீக்கரிலை போடு. உடனை சொல்லிப்போடாதை. வாறானோ எண்டு பாப்பம்."

விசர்த்தனம்தான். ஆனாலும் போட்டேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"தங்கச்சி," என்றார் அண்ணை. "பிரேதத்தை எப்ப எடுக்கிறியள்?"

"நீங்கள் வாறியளோ அண்ணை?"

"இப்ப லீவு எடுக்கேலாது. லைவ் போடுவியள்தானே? லிங்கை அனுப்பிவிடு."

இப்போது செத்தவீடுகளை வீடியோக்காரர் நேரடியாகக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அழுவார்கள். அம்மாவுடையதையும் அண்ணை அப்படித்தான் பார்த்தார்.

அப்பாவைப் பார்த்தேன். கோப்பையில் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"அப்பா சாகேல்லை அண்ணை. அது படத்துக்கு ஒட்டினது."



"ஓ. அப்ப சரி."

"அப்பா பக்கத்திலைதான் நிக்கிறார். குடுக்கட்டோ?"

"வேலைக்கு நேரமாகுது. பிறகு எடுக்கிறன்."

அழைப்பு நின்றது. அப்பா கதிரையில் போய் இருந்தார். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, சனம் வந்து போன முற்றத்தைக் கூட்டத் தொடங்கினேன்.

"படம் வந்தவுடனை அதின்ரை லிங்கை அவனுக்கு அனுப்பிவிடு," என்றார் அப்பா. "அதிலையும் நான் சாகிறன்தானே."