மருந்தடித்த புல்

ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால், ஆட்டுக்கொட்டகையை எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். பழைய ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்டது. அதன் ஓரத்தில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் காட்டில் களைக்கொல்லி மருந்தடிக்கும் குத்தகைக்காரர். என் ஆடுகள் அவருடைய வாழைக்கன்றைக் கடித்துவிட்டன. சொல்லாமல் கொள்ளாமல் வேலியோரப் புல்லுக்கு மருந்தடித்து வைத்தார், மகராசன்.

நாற்றம் இருக்கும்வரை ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். நாற்றம் போய்ப் புல் வாடத் தொடங்கியதும் அதே ஆடு ஆசையாய் மேயும். இது அவருக்கும் தெரியும். என் சினையாடு நுரை தள்ளிச் செத்தது, வயிற்றில் குட்டியோடு.

போய்க் கேட்டேன்.

"முனியாண்டி மேல சத்தியமா நான் அங்க மருந்தே அடிக்கல தங்கச்சி. வேற என்னத்தையாச்சும் தின்னிருக்கும்லா."

அந்த வாயாலேயே உண்மையைக் கக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு முனியாண்டி பூசை. அவர் ஒரு கடா நேர்ந்திருந்தார். நோய்பட்ட ஆட்டைச் சாமிக்கு வெட்டமாட்டார்கள். நான் என் வீட்டுக் கொல்லைப் புல்லை அறுத்து, ஒரு நாள் வெயிலில் வாடவிட்டு, கட்டாகக் கட்டிக் கோவிலுக்குத் தூக்கிப் போனேன்.

"அண்ணே, நம்ம வேலியோரத்துல அறுத்தது. சாமி கடா வயிறாரத் தின்னட்டும்."

மாலை போட்ட கடா மோந்து பார்த்து ஒரு வாய் இழுத்தது. அவர் பாய்ந்து வந்தார். அதன் வாய்க்குள் விரலை விட்டுப் புல்லைப் பிடுங்கினார்.

"தின்ன விடாதீங்க! அதுல மருந்து இருக்குலா!"

உறுமி மேளம் நின்றது. சத்தியம் செய்த கதையை என்னிடம் முன்பே கேட்டிருந்த பூசாரி அவர் பக்கம் திரும்பினார். "அடிக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணுனியாமே?"

நான் ஒரு புல்லை உருவி வாயில் போட்டு மென்றேன். "பயப்படாதீங்கண்ணே. இது என் வீட்டுப் புல்லு."

அவர் முகம் செத்துப்போனது. கடாமேல் தண்ணீர் தெளித்து, அது சிலிர்க்கிறதா என்று சாமியிடம் உத்தரவு கேட்கச் சொல்லிக் கெஞ்சினார். பூசாரி கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். பொய்ச் சத்தியம் செய்தவரின் கடாவைச் சாமி வாங்காதாம். கூட்டத்துக்கு நடுவே ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்.

"போதும்கா, விட்டுருங்க," என்று யாரோ சொன்னார்கள். நான் விடவில்லை. அவர் வீட்டு வாசல்வரை புல்லை மென்றுகொண்டே பின்னால் நடந்தேன்.