முன்பக்கம் இல்லாத பாதை

4,81,600. காத்தான்குடியில் பிரதான வீதியிலிருந்து மூன்று கடை உள்ளே தள்ளி இருக்கும் இஷாமின் கேம் கடையில், ஒரு பழைய மெஷினின் திரையில் ஐந்து வருடமாக முதலிடத்தில் நின்ற எண் இது. பக்கத்தில் மூன்று எழுத்து: என், எல், ஓ. முழுப்பெயர் நிலோஜன். வயது முப்பத்துநான்கு. ஊர் களுதாவளை. தொழில், பாதை ஓட்டுவது.

பாதை என்றால் இங்கே தெருவல்ல. வாவியின் இந்தக் கரையிலிருந்து மறுகரையான படுவான்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சுமந்து போய்வரும் தட்டையான இரும்பு மிதவை. இரண்டு முனையிலும் இறக்கி ஏற்றும் பலகை உண்டு. ஒரு முனையால் ஏறியவர் மறுமுனையால் இறங்குவார். கரையைத் தொட்டதும் பாதை திரும்பாது. வந்தபடியே பின்னால் போகும். போகும்போது முன்பக்கமாக இருந்தது வரும்போது பின்பக்கம். நிலோஜன் ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படிப் போய்வருகிறார். பதினொரு வருடமாக இதே வேலை.

"கிழமை முழுக்கப் பாதை ஓட்டிப்போட்டு, லீவு நாளையில பாதை ஓட்டக் காத்தான்குடிக்குப் போற ஒரே மனிசன் இவர்தான்" என்கிறார் மனைவி யசோதினி. "மறுகா வந்து கை நோகுது எண்டு தைலம் கேட்பார்."

ஆனால் அவரை அந்தக் கடைப்பக்கம் தள்ளிவிட்டதே யசோதினிதான். ஆறு வருடத்துக்கு முன், தங்கையின் கலியாணத்துக்குச் சாரி எடுக்கக் காத்தான்குடிக்கு வந்தார்கள். மூன்றாவது கடையில் முப்பதாவது சாரியை விரித்தபோது நிலோஜன் காற்று வாங்க வெளியே வந்தார். ஒரு சந்துக்குள்ளிருந்து பசு கத்தியது. எட்டிப் பார்த்தார். பசு ஒரு மெஷினுக்குள் இருந்தது.

அந்த மெஷினின் சொந்தக்காரர் இஷாம். நாற்பத்தைந்து வயது. ஷார்ஜாவில் ஒரு கடைத்தொகுதியின் விளையாட்டுக் கூடத்தில் ஒன்பது வருடம் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். கூடத்தை மூடியபோது பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி, அலுமாரிக்கும் மெத்தைக்கும் இடையில் செருகி, கண்டெய்னரில் ஊருக்கு அனுப்பினார். அதுதான் 'ஃபெரி பொஸ்'. ஒரு லீவர், ஒரு பட்டன். கட்டம் கட்டமாகத் தெரியும் ஒரு தட்டை ஓடம். கரையில் ஆட்கள், சைக்கிள்கள், குடை பிடித்த மணப்பெண், பசு. பாரம் சரியாமல் ஏற்றி, முதலைக்குத் தப்பி, அக்கரையில் இறக்க வேண்டும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் புள்ளி. பிறகு அப்படியே பின்னால் இழுத்து இக்கரைக்கு வர வேண்டும். ஊரில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. 'பாதை கேம்' என்றார்கள்.

நிலோஜனுக்கு அதில் படிக்க ஒன்றும் இருக்கவில்லை. மற்றவர்கள் பசுவை முதலில் ஏற்றினார்கள், அதற்குப் புள்ளி அதிகம் என்பதால். நிலோஜன் பசுவைக் கடைசியில் ஏற்றி, ஏறிய முனையிலேயே நிறுத்தினார். "மாட்ட முன்னுக்கு விட்டா அது இறங்கும் வரைக்கும் ஒருத்தரும் இறங்கேலாது. இது ஆருக்குத்தான் தெரியாது?" காத்தான்குடியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு வருடத்தில் அவர் முதலிடம். இரண்டாமிடத்தில் சாரமும் லுங்கியும் விற்கும் வியாபாரி ரிஸ்கான், 4,79,900. அந்த இடைவெளியைத் தாண்ட ரிஸ்கான் விடாமல் முயன்றார். 'பாதை கோஷ்டி' என்ற வட்ஸப் குழுவைத் தொடங்கியவரும் அவரே. அறுபத்தொரு பேர் இருக்கிறார்கள்.

இந்த வருடம் மே மாதம் குழு தீப்பிடித்தது.

ஷார்ஜாவில் உள்ள பழைய கூட்டாளி ஒருவர் மூலம் இஷாமுக்கு இரண்டாம் பாகம் கிடைத்தது. மெஷினின் பெட்டி அதேதான். உள்ளே இருக்கும் போர்டையும் பட்டன் பலகையையும் மாற்றினால் போதும். மாற்றினார். பழைய போர்டைக் கழற்றிச் சுற்றி, சுவரில் இருந்த ராக்கைத் தட்டில் வைத்தார். எல்லோரையும் கூப்பிட்டு டோக்கன் கொடுத்தார்.

ஒரு லீவருக்குப் பக்கத்தில் இப்போது ஆறு பட்டன். தொடக்கத்தில் ஒற்றைக்கண் கப்பித்தான் ஒருவன் வந்து இரண்டு நிமிடம் பேசுகிறான். ஓடம் போர்க்கப்பலாகிவிட்டது. கூரான மூக்கு, பீரங்கி, தீப்பந்தம். பார்க்க வண்ணமயம்தான். ஆனால் கரையில் ஒருவரும் இல்லை. மணப்பெண் இல்லை, சைக்கிள் இல்லை, பசு இல்லை.

அன்று பின்னேரமே குழுவில் ரிஸ்கான் எழுதினார்: "அடுத்த பாகம் எண்டா அதுட தம்பி மாதிரி இரிக்கணும். இது வேற ஆளுட புள்ளைக்கு நம்மட பேர வெச்ச மாதிரி." இன்னொருவர்: "ஒத்தக்கண்ணன் என்ன கதைக்கான் எண்டு அவனுக்கே வெளங்கல." நிலோஜன் குழுவில் எழுதுவது அபூர்வம். அன்று ஒரு வரி எழுதினார்: "ஏத்த ஆளில்ல. ஆளில்லாம பாதை எதுக்கு ஓடுது?"

அதற்கு நாற்பத்திரண்டு பேர் பெருவிரல் காட்டினார்கள். இஷாம் காட்டவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்க, நிலோஜன் நேரே கடைக்குப் போனார். பழைய போர்டைக் கொழும்பில் ஒருவர் கேட்டிருக்கிறார் என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. பழைய மெஷின்களைச் சேர்த்து வீட்டில் வைப்பவராம்.

"நானா, அதக் குடுக்காதீங்க" என்றார் நிலோஜன். இஷாமை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்பார்கள்.

"ஏன் தம்பி, புதுசுல என்ன குற? பீரங்கியெல்லாம் இரிக்கி."

"பாதையில பீரங்கி என்னத்துக்கு?"

இஷாம் சிரித்தார். "உங்களுக்கு கேமில்ல பிரச்சின. அந்த நாலு லெச்சத்துச் சொச்சம்தான். ஒங்கட பேர் மேலால நிக்கணும். அவ்வளவுதான்."

"பேர அழிச்சுப்போட்டுப் பழசப் பூட்டுங்க. நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"லேசாச் சொல்லிட்டீங்க" என்றார் இஷாம். ஆனாலும் கொஞ்சம் யோசித்தார். கடைக்காரர் கூட்டத்தைத்தான் நம்புவார். "சரி. பெருநாள் அண்டு மூணு மணிக்கு வாங்க. நீங்க விளையாடினா எப்பவும் ஆள் சேரும். ரெண்டாம் பாகத்த ஒரு மணித்தியாலம் விளையாடிக் காட்டுங்க. மறுகா மெஷின எல்லாருக்கும் தொறந்து விடுறன். வரிசை நிண்டா பழசு கொழும்புக்குப் போகும். நிக்காட்டி, அண்டைக்கே பழசப் பூட்டுறன்."

நிலோஜன் ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ரிஸ்கான் காதைக் கடித்தார்.

"லேசு மச்சான். போய் எல்லாத்திலயும் மோது. கேம் சரியில்ல எண்டு ஆக்கள் போயிருவாங்க."

"வேணுமெண்டு மோதமாட்டன்."

"ஏன்டாப்பா?"

"நாளைக்கு என்ட பாதையில ஏறுற சனம், 'நேத்து மோதின ஆள் நீங்கதானே' எண்டு கேட்டா?"



பெருநாள் வந்தது. காலையில் கடையின் பின்கதவில் இஷாமின் மனைவி ஜெமீலா நின்றார். கையில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பச் சட்டி.

"மூடுறதுக்கு வெச்ச வெள்ளிப் பேப்பர் சுருளைக் காணல்ல. நீங்க எடுத்தீங்களா?"

"ஒரு சாமானச் சுத்தினன்."

"பெருநாளும் அதுவுமா, வட்டிலப்பத்த விட என்ன பெரிய சாமான்?"

இஷாம் வெளியே கதிரை அடுக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு நிலோஜன் வந்தார். இஸ்திரி போட்ட சேட். சந்து முழுக்கப் புது உடுப்பு, அத்தர் வாசம். முப்பது பேர் நின்றார்கள். பாதை கோஷ்டி ஒரு மூலையில் கைகட்டி நின்றது. நிலோஜன் டோக்கனைப் போட்டார். ஒற்றைக்கண்ணன் பேசினான். கூட்டம் பொறுமையாகக் கேட்டது.

முதல் போக்கு அருமை. பாறைக்குத் தப்பி, எதிரிக் கப்பல் இரண்டைச் சுட்டு, அக்கரைத் துறையில் முட்டாமல் நிறுத்தினார். கைதட்டினார்கள். ரிஸ்கானின் முகம் கறுத்தது. இஷாம் மீசையைத் தடவினார்.

இனித் திரும்ப வேண்டும். போர்க்கப்பலுக்கு மூக்கு உண்டு. சுற்றித் திருப்பித்தான் வர வேண்டும். அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. நிலோஜன் அதை அறிவார். ஆனால் துறையைத் தொட்டதும் கை லீவரைப் பின்னுக்கு இழுத்தது. பதினொரு வருடத்துக் கை. கப்பல் பின்பக்கமாகப் பாய்ந்து, பாறையில் ஏறி, வெடித்துச் சிதறியது.

சந்து அதிரச் சிரித்தது.

"பரவால்ல, விடுங்க!" என்றார் யாரோ. இரண்டாவது உயிர். போகும்போது ஒரு கீறல் இல்லை. துறை வந்தது. கை பின்னுக்கு இழுத்தது. டமார்.

"என்ன மாமா, ரிவேர்ஸ் கியர்ல போறீங்க?" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

மூன்றாவதிலும் அதே. நிலோஜனே சிரித்துவிட்டார். வியர்வை சேட்டை ஒட்டியது. "இருங்க, இப்பத் திருப்புறன்" என்று மறுபடி டோக்கன் போட்டார். கூட்டம் துறை வரும் வரை மூச்சடக்கி, லீவர் பின்னால் போனதும் ஒரே குரலில் 'டமார்' என்று கத்தியது. பக்கத்துச் சந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஐஸ்கிறீம் வண்டிக்காரரே வண்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் நூறு பேர் தேறுவார்கள். கடை திறந்த நாளிலிருந்து இஷாம் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றார் இஷாம், ரிஸ்கானைப் பார்த்து. "கொழும்புக்கு கோல் எடுக்கட்டா?"

ரிஸ்கான் நிலோஜனிடம் போனார். "மோதமாட்டன் எண்டாய். இப்ப மோதியே கேமைத் தூக்கி நிறுத்திட்டாய்."

நிலோஜன் கையைப் பார்த்தபடி நின்றார். "நான் என்ன செய்ய? கரை வந்தா அது திரும்புதில்லையே."

நாலு மணிக்கு இஷாம் மெஷினை எல்லோருக்கும் திறந்துவிட்டார். வரிசைக்கென்று கயிறும் கட்டியிருந்தார். ஒரு இளைஞர் வந்து விளையாடினார். சரியாகத் திருப்பினார். மோதவில்லை. கூட்டம் கொட்டாவி விட்டது. இரண்டாவது ஆள் வந்தார். அவரும் சரியாகத் திருப்பினார். பின்வரிசை ஐஸ்கிறீம் வண்டிக்குப் போனது. மூன்றாவது ஆளை இஷாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் கப்பித்தான் பேசி முடிக்கும் முன்பே, "இதுல என்னத்த ஏத்துற?" என்று கேட்டுவிட்டு விலகிப்போனார். கயிற்றுக்கு உள்ளே ஒருவரும் இல்லை. வெளியே நின்ற இருபது பேர் கேட்டது ஒன்றுதான்: "அந்த டமார் மாமா மறுகா விளையாடமாட்டாரா?"

இஷாம் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

"கூட்டம் கேமுக்கு வரல்ல தம்பி" என்றார். "ஒங்களுக்கு வந்திருக்கி."

ராக்கையிலிருந்து பழைய போர்டை எடுத்துவந்தார். வெள்ளிப் பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, புரியாணிப் பார்சல் மாதிரி மூலை மடித்திருந்தது. அதைப் பார்த்ததும் ரிஸ்கான் வாயில் கைவைத்தார்.

"நானா! போர்டுல பெற்றரி இரிக்கே. இதுல சுத்தினா ஷோர்ட்டாகுமே!"

"ஈரம் படாம இரிக்கட்டும் எண்டுதான்..." இஷாமின் குரல் இறங்கியது. ஒன்பது வருடம் மெஷின் பார்த்தவர் அவர். ஷார்ஜாவில் போர்டைச் சுற்ற வேறு பை தந்தார்கள். இங்கே சமையலறைதான் பக்கத்தில் இருந்தது.

பூட்டினார்கள். மெஷின் உயிர்பெற்றது. படம் தெளிவு, சத்தம் தெளிவு. பசு கத்தியது. பிறகு புள்ளிப் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழ்வரை பூச்சியம். என், எல், ஓ இல்லை. ரிஸ்கானும் இல்லை. புள்ளிகளை நினைவில் வைத்திருந்த அந்தச் சிறிய பெற்றரி ஒரு மாதம் வெள்ளிப் பேப்பருக்குள் கிடந்து செத்துப்போயிருந்தது.

"என்ட நாலு எழுபத்தொம்பதும் போச்சா?" என்றார் ரிஸ்கான்.

இஷாம் நிலோஜனின் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, பேர் மேலால நிக்கணும் எண்டு அண்டு பகிடிக்குத்தான் சொன்னன். வேணுமெண்டு செய்யல்ல."

நிலோஜன் பூச்சியங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐந்து வருடத்து லீவு நாட்கள். பிறகு லீவரை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"பாதை ஓடுதுதானே?"

"ஓடுது."

"அப்ப ஒரு டோக்கன் தாங்க."

சைக்கிள் இரண்டை நடுவில் ஏற்றினார். குடைக்காரிக்கு இடம் விட்டார். பசுவைக் கடைசியில் ஏற்றி, ஏறிய முனையிலேயே நிறுத்தினார். அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். கை லீவரைப் பின்னுக்கு இழுத்தது. ஓடம் வந்தபடியே பின்னால் போனது. அவருக்குப் பின்னால் வரிசை நிற்கத் தொடங்கியதால், மூன்று உயிரும் முடிந்ததும் இடம் விட்டு விலகினார். அன்றைய புள்ளி 31,200. பட்டியலில் முதலாவது.

திங்கட்கிழமை காலை முதல் பாதையில் ஏறிய ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினார். பெருநாள் வீடியோ அதற்குள் படுவான்கரைக்கும் போயிருந்தது.

"தம்பி, இண்டைக்கு மோதமாட்டீங்கதானே?"

"ஏறுங்க அண்ணே. இதுக்கு மூக்கு இல்ல" என்றார் நிலோஜன்.

பழசுக்குப் பதிலாக இரண்டாம் பாகத்தின் போர்டு கொழும்புக்காரருக்குப் போகிறது; ஜெமீலா அதைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நிலோஜனின் அடுத்த லீவு பதினெட்டாம் திகதி, புதன்கிழமை. அதற்குள் ரிஸ்கான் 58,000 எடுத்துவிட்டார்.